65 வயசு வரை புதுப் பாட்டு தேடிய மனுஷன்! - ரேடியோ ரசிகர் ஜான் பீலின் கதை

ஒரு வயசுக்கு மேல நம்ம ப்ளேலிஸ்ட் மாறுறதே இல்லை, கவனிச்சிருக்கீங்களா? ஸ்கூல், காலேஜ் காலத்துல கேட்ட அதே 50 பாட்டுதான் திரும்பத் திரும்ப ஓடும். புதுசா ஏதாவது வந்தா 20 விநாடி கேட்டுட்டு ஸ்கிப். அப்புறம், இப்போ வர்ற பாட்டெல்லாம் ஒரே இரைச்சல்னு ஒரு தீர்ப்பு. 30 வயசைத் தொடுறதுக்குள்ள நம்மில் பலருக்கும் காது ரிட்டயர் ஆகிடுது.

ஆனா, 65 வயசுல இறக்குற வரைக்கும் காதை ரிட்டயர் ஆக விடாத ஒருத்தர் பிரிட்டனில் இருந்தார். பெயர் ஜான் பீல். அவர் பாடகர் இல்லை, இசையமைப்பாளரும் இல்லை. பிபிசி ரேடியோ 1-ல் ராத்திரி நேரத்து டி.ஜே. யாரும் கேட்காத பாட்டைத் தேடிக் கேட்பது, பிடித்ததை ஊருக்கே போட்டுக்காட்டுவது... 37 வருஷம் அவர் செய்தது இந்த ஒரே வேலைதான். டேவிட் போவி முதல் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் வரை, பங்க் ராக் முதல் டெக்னோ வரை பிரிட்டன் இளைஞர்கள் பலர் முதன்முதலில் கேட்டது இந்த மனுஷனோட ஷோவில்தான்.

ரிப்போர்ட் கார்டு சொன்ன ஜோசியம்

1939 ஆகஸ்ட் 30 அன்று, லிவர்பூலுக்குப் பக்கத்தில் உள்ள ஹெஸ்வாலில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறங்குவதற்கு 4 நாள்கள் முன்பு. பெற்றோர் வைத்த பெயர் ஜான் ராபர்ட் பார்க்கர் ரேவன்ஸ்கிராஃப்ட். அப்பா பருத்தி வியாபாரி. வசதியான குடும்பம்தான். ஆனால் அப்பா ராணுவத்துக்குப் போய்விட, சின்ன வயதில் அவரை அதிகம் பார்க்கவே முடியவில்லை.

படிப்பு ஷ்ரூஸ்பரி என்ற பெயர்பெற்ற உறைவிடப் பள்ளியில். அங்கே சீனியர் மாணவர்களிடம் பட்ட கொடுமைகளைப் பல ஆண்டுகள் கழித்து தன் சுயசரிதையில் எழுதினார். கூச்ச சுபாவம், படிப்பிலும் சுமார். இசைத்தட்டுகள்தான் ஒரே துணை. 1956-ல் எல்விஸ் பிரெஸ்லியின் குரலை ரேடியோவில் கேட்டதும், வேறு உலகத்திலிருந்து ஏதோ வந்து இறங்கியதுபோல் ஆகிவிட்டது அவருக்கு.

அந்த ஹாஸ்டலைக் கவனித்துக்கொண்ட ஆசிரியர் புத்திசாலி. யாராலும் காதுகொடுத்துக் கேட்க முடியாத ரெக்கார்டுகள் மீது இந்தப் பையனுக்கு இருக்கும் கிறுக்கை வைத்தே அவன் ஏதாவது ஒரு விபரீதமான வேலையைத் தேடிக்கொள்வான் என்ற பொருளில் ரிப்போர்ட்டில் எழுதிவைத்தார். கிண்டலாக எழுதியதுதான், ஆனால் அது அப்படியே பலித்தது.

டல்லாஸில் ஒரு 'லிவர்பூல்காரர்'

பள்ளி முடிந்ததும் கட்டாய ராணுவ சேவை. ராயல் ஆர்ட்டிலரி பிரிவில் ரேடார் பார்க்கும் வேலை. பிறகு கொஞ்ச நாள் ஒரு பருத்தி ஆலையில். 1960-ல், பருத்தித் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று அப்பா அவரை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு அனுப்பிவைத்தார். பையன் கற்றுக்கொண்டது வேறு தொழில்.

டல்லாஸ் நகரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, அங்கிருந்த ஒரு ரேடியோவில் சம்பளம் இல்லாமல் ப்ளூஸ் பாட்டுகள் போடத் தொடங்கினார். 1963 நவம்பரில் அதே ஊரில் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையாளி என்று கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டை போலீஸ் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தியபோது, லிவர்பூல் பத்திரிகையின் நிருபர் என்று புளுகி உள்ளே நுழைந்துவிட்டார் நம்ம ஆள். அந்தச் செய்திப் படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அவர் நிற்பது இன்றும் தெரியும்.

அடுத்த வருஷம் பீட்டில்ஸ் அலை அமெரிக்காவைப் புரட்டிப்போட்டது. லிவர்பூல் பக்கத்து ஆள் என்ற ஒரே தகுதி போதும், அவர் ரேடியோவில் பீட்டில்ஸ் நிபுணராகிவிட்டார்! அப்படியே ஓக்லஹோமா, கலிஃபோர்னியா என்று ரேடியோ ரேடியோவாக வேலை கிடைத்தது.

அந்தக் காலத்தின் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1965-ல் டெக்சாஸில் அவர் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு அப்போது வயது 15. வயதைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்பது பின்னாளில் அவர் தந்த விளக்கம். 1973-ல் அந்த மண உறவு விவாகரத்தில் முடிந்தது. அவர் இறந்து 8 ஆண்டுகள் கழித்து, 1960-களில் சிறு வயதுப் பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி பிரிட்டிஷ் பத்திரிகைகளில் மறுபடி கேள்விகள் எழுந்தன. பதில் சொல்ல அவர் இல்லை. ஆனாலும் அவரைப் பற்றிப் பேசும்போது அந்தக் கேள்விகளையும் சேர்த்தேதான் பேச வேண்டியிருக்கிறது.

கடலில் மிதந்த ரேடியோ

1967-ல் இங்கிலாந்து திரும்பினார். அப்போது அங்கே சட்டப்படி ரேடியோ நடத்த பிபிசிக்கு மட்டும்தான் உரிமை. பாப் பாட்டு கேட்கத் துடித்த இளைஞர்களுக்கு அதில் கிடைத்தது கொஞ்சம்தான். அதனால் சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். கரைக்கு அப்பால் கடலில் கப்பலை நிறுத்தி, அதிலிருந்து பாட்டு ஒலிபரப்பினார்கள். பைரேட் ரேடியோ!

அப்படி ஒரு கப்பலில் இயங்கிய ரேடியோ லண்டனில் அவருக்கு வேலை கிடைத்தது. ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற பெயர் நாக்கைச் சுளுக்கவைக்கும் என்பதால், 'பீல்' என்று மாற்றச் சொன்னது ஆபீஸில் இருந்த ஒரு செயலாளர். நள்ளிரவு 12 முதல் 2 மணி வரை அவருடைய ஷோ. மேலதிகாரிகள் அந்த நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்று புரிந்ததும், விளம்பரம், ஹிட் லிஸ்ட் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுத் தனக்குப் பிடித்த பாட்டுகளை மட்டும் ஓட்டினார். நேயர்களின் கடிதங்கள் குவியத் தொடங்கின.

சில மாதங்கள்தான். 1967 ஆகஸ்ட்டில் கடல் ரேடியோக்களுக்குத் தடை வந்தது. ஆனால் இளைஞர்களின் பசி அரசுக்கும் புரிந்திருந்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 30 அன்று, பிபிசி ரேடியோ 1 பிறந்தது. முதல் டி.ஜே-க்கள் கூட்டத்தில் ஜான் பீலும் ஒருவர். கூட வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக விலகிப்போக, 2004 வரை அங்கேயே இருந்தவர் இவர் மட்டும்தான்.

ஒரு நாள், நாலு பாட்டு

பீல் என்றதும் இசை ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது 'பீல் செஷன்ஸ்'. இது பிறந்த கதை சுவாரஸ்யமானது. ரேடியோவில் ரெக்கார்டையே போட்டுக்கொண்டிருந்தால் வாசிக்கிற கலைஞர்களுக்கு வேலை போய்விடும் என்று பிரிட்டனின் இசைக்கலைஞர்கள் சங்கம் பயந்தது. அதனால் ஒரு நாளில் பிபிசி இத்தனை மணி நேரம்தான் ரெக்கார்டு போடலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. மிச்ச நேரத்தை நிரப்ப, இசைக்குழுக்களை பிபிசி ஸ்டூடியோவுக்கே வரவழைத்து வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள்.

மற்றவர்களுக்கு இது தொல்லை. பீலும், அவருடைய தயாரிப்பாளரும் நண்பருமான ஜான் வால்டர்ஸும் இதையே வாய்ப்பாக மாற்றிக்கொண்டார்கள். ஒரு ஆல்பம்கூட வெளியிடாத, ஏன், ஒப்பந்தமே இல்லாத குழுக்களைக் கூப்பிட்டார்கள். வழக்கமாக ஒரே நாளில் நாலு பாட்டு வாசித்து, பதிவுசெய்து, மிக்ஸிங்கும் முடித்துவிட வேண்டும். ஒட்டிச் சரிசெய்யவெல்லாம் நேரம் கிடையாது. அதனாலேயே அந்தப் பதிவுகளில் ஒரு பரபரப்பு இருக்கும். இப்படி 37 ஆண்டுகளில் 2,000-க்கும் மேற்பட்ட கலைஞர்கள், 4,000-க்கும் மேற்பட்ட செஷன்கள்!

ஒரே ஒரு உதாரணம். 1981-ல் ஷெஃபீல்டு நகரத்துக்கு பீல் வந்தபோது, ஜார்விஸ் காக்கர் என்ற டீன் ஏஜ் பையன் தன் குழுவின் கேசட்டை அவர் கையில் திணித்தான். அவர் அதை மறக்காமல் கேட்டார். சில வாரங்களில் பையன்களுக்கு அழைப்பு வந்தது. அந்தக் குழுவின் பெயர் பல்ப். அவர்களுக்குப் பெரிய வெற்றி கிடைத்தது 1995-ல்தான். முழுசாக 14 வருஷம் கழித்து! முகம் தெரியாத பையனின் கேசட்டை அன்றைக்கு அந்த மனுஷன் வீட்டு மூலையில் போட்டிருந்தால்?

நேயர்களையே பகைத்துக்கொண்ட வருஷம்

1970-களின் நடுவில் பீல் ஒரு ஸ்டார். நீளமான முடி, தாடி, நீளமான பாட்டுகள். ஒரு ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும் 'புரோக்ரெசிவ் ராக்' காலம் அது. ஜெர்மனியில் சின்தசைஸரை வைத்து விசித்திரமான ஒலிகளை உருவாக்கிக்கொண்டிருந்த டேஞ்சரின் ட்ரீம் குழுவின் ஆல்பத்தை, 1973-ம் ஆண்டின் சிறந்த ஆல்பமாக அவர் தேர்ந்தெடுத்தார். அந்தக் குழுவுக்கு பிரிட்டனில் கதவு திறந்தது அதற்குப் பிறகுதான். எலெக்ட்ரானிக் இசை என்ற பெயரே பலருக்குத் தெரியாத காலம் அது.

அப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவருடைய நேயர்களும் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் 1976-ல் அமெரிக்காவின் ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு பாட்டும் ரெண்டு நிமிஷம் சொச்சம். மூணு கார்டு, வேகம், சத்தம், முடிந்தது. கேட்ட உடனே பல பாட்டுகளை ஷோவில் போட்டார்.

கொந்தளித்துவிட்டார்கள் பழைய ரசிகர்கள். இந்தக் குப்பையை நிறுத்து என்ற தொனியில் கடிதங்கள் வந்தன. அவருக்கு அப்போது 36 வயது. நம்மில் பலருக்கு 'எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா' மோடு ஆன் ஆகிற வயசு. பத்து வருஷமாகச் சேர்த்த நேயர்களை இழக்கும் ஆபத்தும் இருந்தது. அவர் நிறுத்தவில்லை, இன்னும் அதிகமாகப் போட்டார். பழைய நேயர்கள் விலக, அவர்களைவிட வயதில் ரொம்பச் சின்னவர்கள் ரேடியோ முன் வந்து உட்கார்ந்தார்கள்.

1978-ல் வட அயர்லாந்தின் டெரி நகரத்திலிருந்து அண்டர்டோன்ஸ் என்ற குழுவின் ரெக்கார்டு வந்தது. 'டீனேஜ் கிக்ஸ்'. ரெண்டரை நிமிஷப் பாட்டு. குண்டுவெடிப்பும் ராணுவமுமாக இருந்த ஊரிலிருந்து, ஒரு பையன் ஒரு பெண்ணை நினைத்து ஏங்குவதைப் பற்றி மட்டும் பாடியிருந்தார்கள். பீல் அதைப் போட்டார். முடிந்ததும் மனசு கேட்காமல் உடனே இன்னொரு முறை போட்டார். ரேடியோவில் யாரும் செய்யாத வேலை அது. சாகும்வரை அவருக்கு உலகத்திலேயே பிடித்த பாட்டு அதுதான்.

வாத்தியாரே திருத்திய தேர்வு

அதன் பிறகும் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜாய் டிவிஷன், ஸ்மித்ஸ் என்று கிட்டார் குழுக்கள் வந்தபோது அவர்களைக் கூப்பிட்டார். ஒரு விநாடி சொச்சத்தில் முடிகிற பாட்டெல்லாம் வைத்திருந்த நேப்பாம் டெத் குழுவையும் கூப்பிட்டார். தி ஃபால் என்ற ஒரே குழுவுக்கு 24 செஷன். ஜிம்பாப்வேயின் பண்டு பாய்ஸ் குழுவுக்கும் ரசிகர். ஹிப் ஹாப் வந்தபோதும் போட்டார். கிட்டார் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒவ்வொரு வருஷ முடிவிலும் 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி' என்று நேயர்கள் வாக்களித்து 50 பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். 1976-ல் தொடங்கிய இந்தப் பட்டியலில் ஒரு சிக்கல் வந்தது. வருஷம் முழுக்க அவர் ரெக்கே, ஆப்பிரிக்க இசை, டெக்னோ என்று போட்டாலும், வாக்குகள் எல்லாம் கிட்டார் வைத்திருக்கும் வெள்ளைக்காரப் பையன்களுக்கே விழுந்தன. வித்தியாசமான இசைக்கு ரசிகர் என்று பெருமைப்படுபவர்களும் ஒரு வட்டத்துக்குள் சிக்கிக்கொள்வார்கள் என்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது. 1991-ல் அந்தப் பட்டியலை வழக்கம்போல ஒலிபரப்பவே இல்லை!

1980-களின் கடைசியில் டான்ஸ் கிளப்களில் எலெக்ட்ரானிக் இசை வெடித்தது. கம்ப்யூட்டரும் மெஷினும் வைத்து வீட்டு பெட்ரூமிலேயே பாட்டு உருவாக்கும் பையன்கள் வந்தார்கள். பாடகர் இல்லை, மேடை இல்லை, சிலருக்கு முகமே இல்லை. 50 வயதான பீல் இதற்கும் ரெடி. ஆர்ப் குழு 1989-ல் ஒரே பாட்டாக 20 நிமிஷம் வாசித்தது அவருடைய செஷனில்தான். அபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர், போர்ட்ஸ் ஆஃப் கனடா என்று இன்று எலெக்ட்ரானிக் ரசிகர்கள் கொண்டாடும் பெயர்கள் எல்லாம் 90-களில் அவருடைய ஷோவுக்கு வந்து போனவர்கள்தான். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ், காதைக் கிழிக்கும் வேகத்தில் ஓடும் ஹாப்பி ஹார்ட்கோர் வரை எதையும் விடவில்லை.

2002-ல், 63 வயதில், லண்டனின் ஃபேப்ரிக் கிளப் வெளியிடும் டி.ஜே மிக்ஸ் வரிசையில் அவருடைய ஆல்பமும் வந்தது. கிளப் டி.ஜே-க்கள் ஒரு பாட்டின் தாளத்தை அடுத்த பாட்டோடு நைஸாக இழைத்துவிடுவார்கள். இவர் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பாட்டுகளை வரிசையாக வைத்து, நடுவில் லிவர்பூல் கால்பந்து மேட்ச் வர்ணனையையும் சொருகினார். ரேடியோவிலும் இதே கதைதான். ரெக்கார்டைத் தப்பான வேகத்தில் சுழலவிடுவது அவருடைய அடையாளம். சிரித்துக்கொண்டே மன்னிப்பு கேட்டுவிட்டு, சரியான வேகத்தில் மறுபடி போடுவார்.

ரெக்கார்டுகளுக்கு நடுவே ஒரு குடும்பம்

1974-ல் ஷீலாவைத் திருமணம் செய்துகொண்டார். லிவர்பூல் கிளப்பின் சிவப்பு நிறம்தான் கல்யாணத்துக்கும். சஃபோக் பகுதியில் கிரேட் ஃபின்பரோ என்ற கிராமத்தில் வீடு. செல்லமாக 'பீல் ஏக்கர்ஸ்'. நாலு பிள்ளைகள். ஆன்ஃபீல்டு, டால்கிளிஷ், ஷாங்க்லி என்று லிவர்பூல் மைதானமும் வீரரும் பயிற்சியாளரும் பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறார்கள்!

அந்த வீட்டில் சுமார் 26,000 எல்.பி ரெக்கார்டுகள், 40,000 சிங்கிள்ஸ், போதாததற்கு சி.டி-க்கள். அட்டைகளில் டைப் செய்து வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ரசிகனின் சந்தோஷம் மட்டுமல்ல இது, பாரமும்தான். நாடெங்கும் இருந்து கேசட்டுகளும் சி.டி-க்களும் வந்து குவிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பையன் அல்லது பெண்ணின் கனவு. காரில் போகும்போதும் வரும்போதும் கேட்பார். எவ்வளவு கேட்டாலும் கேட்காதவை மிச்சம் இருக்கும். வெட்டியாக உட்கார்ந்து பாட்டு கேட்கிற வேலை என்று வெளியே தெரிந்தாலும், உள்ளே அது ஒரு நாளும் முடியாத வேலை.

1998-ல் பிபிசி ரேடியோ 4-ல் 'ஹோம் ட்ரூத்ஸ்' என்று குடும்பக் கதைகள் பேசும் காலை நேர நிகழ்ச்சியைத் தொடங்கினார். டெக்னோ பிடிக்காத தாத்தா பாட்டிகளும் ரசிகர்கள் ஆனார்கள். அதே வருஷம் ஓ.பி.இ பட்டம். ராத்திரி ஷோவின் நேரத்தை மட்டும் பிபிசி மாற்றிக்கொண்டே இருந்தது. 2004-ல் அது இன்னும் தள்ளிப்போய், இரவு 11 மணிக்குத் தொடங்கியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்த 65 வயதுக்காரருக்கு அது சுலபமான நேரம் இல்லை.

கடைசிப் பாட்டு

2004 அக்டோபரில் மனைவியோடு பெரு நாட்டுக்குப் போனார். 25-ம் தேதி, குஸ்கோ நகரத்தில் மாரடைப்பு. அங்கேயே உயிர் பிரிந்தது. செய்தி வந்ததும் ரேடியோ 1 தன் வழக்கமான நிகழ்ச்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவருக்காக ஒலிபரப்பியது. நவம்பர் 12 அன்று பரி செயின்ட் எட்மண்ட்ஸ் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். உடலை வெளியே எடுத்துவந்தபோது ஒலித்தது, அந்த டெரி பையன்களின் ரெண்டரை நிமிஷப் பாட்டு. அதில் இருந்து ஒரு வரிதான் இன்று அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பாதியில் நின்ற சுயசரிதையை ஷீலாவும் பிள்ளைகளும் எழுதி முடித்தார்கள். கிளாஸ்டன்பரி இசை விழாவில் புதுக் குழுக்கள் வாசிக்கும் மேடைக்கு 2005 முதல் பல வருஷம் அவர் பெயர் இருந்தது. மகன் டாம் ரேவன்ஸ்கிராஃப்ட் இப்போது பிபிசி ரேடியோ 6 மியூசிக்கில் டி.ஜே. அப்பா மாதிரியே புதுப் பாட்டு தேடுகிற வேலை.

இன்று நம்ம போனில் கோடிக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன. பீல் கனவிலும் நினைக்காத வசதி. ஆனால் ஆப் நமக்குக் கொடுப்பது, ஏற்கெனவே பிடித்ததுபோல் இருக்கும் இன்னொன்றை. பீல் கொடுத்தது, நமக்குப் பிடிக்கும் என்று நமக்கே தெரியாத ஒன்றை. இதில் பாதி பாட்டு பிடிக்காமல் போகலாம். அவருடைய நேயர்களுக்கும் அப்படித்தான். பிடிக்காத பாதியையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் மிச்சப் பாதி கிடைத்தது.

இந்த வார இறுதியில் ஒரு முயற்சி செய்து பாருங்க. பெயரே கேள்விப்படாத யாரோ ஒருத்தரின் ஆல்பம் ஒன்றை எடுங்க. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, ஸ்கிப் பண்ணாம, முழுசா. பிடிக்கலைன்னா பரவாயில்லை, அடுத்த வாரம் இன்னொன்று. பிடிச்சிடுச்சுன்னா, உடனே இன்னொரு முறை போடுங்க. அப்புறம் பக்கத்துல இருக்குறவங்க காதுல ஒரு இயர்போனை மாட்டிவிடுங்க!